சுடலைக்கு நேர்ந்த பாட்டில்

பாம்பு பிடித்ததற்காக இசக்கிபாண்டிக்குக் கிடைத்த பாட்டில் அது. ஒழுங்காக வேலை பார்த்ததற்கு அந்தக் கம்பெனியில் யாருக்கும் எதுவும் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

சென்னைக்குப் பக்கத்து வல்லம் வடகாலில், கார் கதவுக்குத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் அவன் வேலை. நெல் விளைந்த இடத்தில் ஷெட் போட்டார்கள் என்பது பாம்புக்கு எப்படித் தெரியும்? ஒரு மழைக்காலத்தில் மேனேஜர் ஓகாவா சாரின் அறைக்குள் சாரைப்பாம்பு ஒன்று புகுந்து பீரோவுக்கு அடியில் சுருண்டுகொண்டது. ஜப்பானிலிருந்து வந்த பெரிய மனிதர் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். செக்யூரிட்டி கம்பு தேடி ஓடினவன் திரும்பி வரவில்லை. இசக்கிபாண்டிதான் லைனிலிருந்து வந்து, வாலைப் பிடித்து இழுத்துச் சாக்கில் போட்டு, காம்பவுண்டுக்கு வெளியே விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மறுபடி மெஷின் முன்னால் போய் நின்றான்.

அந்த வருஷக் கடைசியில் ஓகாவா சார் ஊருக்குத் திரும்பினார். போகிற அன்று அவனைக் கூப்பிட்டு, தன் அலமாரியிலிருந்து ஒரு விஸ்கி பாட்டிலை மரப்பெட்டியோடு எடுத்து, இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வளையக் குனிந்தார். பதிலுக்கு இவனும் குனிந்ததில் இரண்டு தலையும் முட்டிக்கொண்டதாக அறைத்தோழர் பெருமாள்சாமி சொல்வார். அது அவர் சேர்த்துக்கொண்டதாக இருக்கும்.

அன்றைக்கே உடைத்துக் குடித்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. இசக்கிபாண்டி குடிக்காதவனும் இல்லை. ஆனால் அவன் அந்தப் பாட்டிலைப் பிள்ளைப்பாக்கத்து வாடகை அறைக்குக் கொண்டுவந்து, ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, அதன் கழுத்திலிருந்து பாதி உடம்பு வரை சுற்றி இறுக்கிக் கட்டினான். வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டால் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் சுடலைமாடன் முன்னால் இதைத் திறந்து ஊற்றுவதாக நேர்ந்துகொண்டான். நாங்குநேரிப் பக்கத்தில் சுடலைக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பது வழக்கம்தான். ஆனால் ஜப்பான் சரக்கை எந்தச் சுடலையும் கண்ணால் கண்டிருக்காது. வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்துவிட்டு, மஞ்சள் தண்ணீர் தொட்டு அந்தத் துணியை நனைப்பான்.

வருஷங்கள் போயின. பெர்மனென்ட் வரவில்லை. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்டர் தன் கம்பெனிக்குப் புதுப் பெயர் வைப்பான். உடனே பழைய ஆட்கள் எல்லோரும் புதிதாகச் சேர்ந்தவர்களாகிவிடுவார்கள். சாமி தன் பங்கைச் செய்யவில்லை என்பதால் பாட்டில் சாமிக்கும் இல்லை. நேர்ந்துவிட்டதால் மனிதனுக்கும் இல்லை. சாமி படங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, பெட்டிக்குள் பாதியும் வெளியே பாதியுமாக அது நின்றுகொண்டே இருந்தது.

பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் மேலே இருக்கும் அச்சு கீழே இறங்க வேண்டும். கை உள்ளே மாட்டக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. டார்கெட் ஏறியதும் ஒரு பட்டனை அழுத்தி வைத்து டேப் ஒட்டிவிட்டார்கள். ஒட்டியது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஒட்டியிருப்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில் இசக்கிபாண்டியின் வலது கை உள்ளே இருக்கும்போது அச்சு இறங்கியது.

அவனுடைய அக்கா சந்திரலேகா அதே ரோட்டில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை செய்தாள். தங்கியிருந்தது லேடீஸ் ஹாஸ்டலில். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது முதல் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. அந்தச் செலவுக்கே கழுத்துச் சங்கிலி போய்விட்டது. மறுநாள் காலை டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கைக்கு ரத்த ஓட்டம் சரியா இல்லம்மா. இன்னொரு ஆபரேஷன் பண்ணினா கை நிக்கும்னு நம்பறேன். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெள்ளிக்கிழமை காலைக்கு மேல தாங்காது. ரெண்டு லட்சம் கட்ட ஏற்பாடு பண்ணுங்க."

வெளியே பெஞ்சில் வனமாமலை உட்கார்ந்திருந்தான். காண்ட்ராக்டரின் ஆள். நாங்குநேரிக்காரன். இசக்கிபாண்டியை இந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவனும் அவன்தான். கையில் ஆப்பிள் பை, மடியில் ஒரு ஃபைல். இரண்டில் எது முதலில் வரும் என்று சந்திரலேகாவுக்குத் தெரியும்.

"நம்ம ஊர்ப் புள்ளைய நான் கைவிடுவனா தாயி? பைக்ல போகும்போது மண்ணூர் வளைவுல விழுந்துட்டான்னு ஒரு கையெழுத்து போடு. ஆஸ்பத்திரிச் செலவு பூரா கம்பெனி பாத்துக்கிடும்."

"தகடு அழுத்துத மெஷின மண்ணூர் வளைவுல எப்பம்ணே கொண்டு வச்சாவ?"

"கோவப்படாத. பேக்டரில அடிபட்டான்னு எழுதுனா இன்ஸ்பெக்டர் வருவான், லைன் நிக்கும். எத்தன புள்ளையளுக்கு வேலை போவும் தெரியுமா? இவனுக்கு இ.எஸ்.ஐ. நம்பரு வேற இப்பம் உயிரோட இல்ல. புதுப் பேருக்கு மாத்திக்கிட்டு இருக்காவ."

சந்திரலேகா கையெழுத்துப் போடவில்லை. பைக்கில் விழுந்தவனுக்கு மாதாமாதம் வரும் ஊனத் தொகை கிடையாது, கேஸ் கிடையாது, நாளைக்கு ஒரு கேள்வி கேட்க வாய் கிடையாது. ஹாஸ்டலில் அவளோடு இருந்த ஒரு பெண் இப்படித்தான் படியில் விழுந்ததாக எழுதிக்கொடுத்துவிட்டு, இரண்டு விரல் இல்லாமல் ஊருக்குப் போனாள். எங்கேயாவது இரண்டு லட்சம் புரண்டால் வனமாமலையின் முகத்தில் அந்த ஃபைலை விட்டெறியலாம். அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

தம்பியின் துணிமணியும் ஆதார் கார்டும் எடுக்க அன்று மத்தியானம் பிள்ளைப்பாக்கம் அறைக்குப் போனாள். பெருமாள்சாமி இருந்தார். வீட்டுக்காரர் மகன் பிரசன்னாவும் விஷயம் கேள்விப்பட்டு எட்டிப்பார்த்தான். வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸுக்குச் சாமான் வாங்கிப் போடுவது அவன் தொழில். ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தவன், அலமாரித் தட்டைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துவிட்டான்.

"அக்கா, இது இன்னா பாட்டிலு? இவ்ளோ நாளா இங்கியா கீது?"

"சொடலைக்கு நேர்ந்தது. தொடாத."

"எங்க சாருங்க இத பேரு சொல்லி கேப்பாங்கோக்கா. இப்ப கம்பெனிக்காரனே இத பண்றதில்ல. எங்கியும் கிடைக்காது. சீல் ஒடையாம இருந்தா லட்சக்கணக்குல போவும்."

சந்திரலேகா சிரித்துவிட்டாள். இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தவளுக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ. பிரசன்னா சிரிக்கவில்லை. சென்னையில் பழைய பாட்டில்களைத் தேடி வாங்கும் ஒரு பணக்காரரின் நம்பர் அவனிடம் இருந்தது. பெட்டியையும் பாட்டிலையும் படம் பிடித்து அனுப்பினான். டீ குடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது. நல்ல நிலையில் இருந்தால் நாலு லட்சம் வரை தருவார். ஆனால் கழுத்துச் சீலைப் பார்க்க வேண்டும், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் அந்த மஞ்சள் துணிக்கு அடியில் இருந்தன. ஏழெட்டு சுற்று சுற்றிக் கட்டியிருந்தான் மகராசன்.

"துணிய அவுத்துட்டு வீடியோ காமிச்சா போதும்ன்றாரு. உடனே பணம் போட்டுடுவாரு. வெளிய மட்டும் சொல்லிக்காதக்கா, லைசென்ஸ் இல்லாம வித்தா கேஸு."

சந்திரலேகா பாட்டிலை எடுத்து மடியில் வைத்து முடிச்சில் நகத்தை வைத்தாள். பெருமாள்சாமி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுக்காத தாயி. நேர்ந்தவன் அவுக்கணும். இல்லைன்னா சாமிகொண்டாடி உத்தரவு தரணும்."

"நேர்ந்தவன் நெனவு இல்லாம கெடக்கான்ணே."

"அப்பம் சாமிகொண்டாடிக்குப் போன் போடு."

சுடலை ஏறி ஆடும் மனிதருக்கு அவர்கள் ஊரில் சாமிகொண்டாடி என்று பெயர். அவர் உத்தரவு இல்லாமல் அந்தக் கோயில் காரியத்தில் ஒரு துரும்பும் அசையாது. போன் போட்டார்கள். சுவிட்ச் ஆஃப். கொடை வசூலுக்குத் தூத்துக்குடி போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். புதன்கிழமை அப்படியே கழிந்தது. வியாழக்கிழமையும் போன் மணி அடிக்கவில்லை. பிரசன்னாவுக்கோ சென்னையிலிருந்து விடாமல் மெசேஜ் வந்துகொண்டிருந்தது. பணத்தை வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறார், கை வைத்துக்கொண்டு ஒருவன் காத்திருக்கிறான், நடுவில் ஒரு துண்டு மஞ்சள் துணி.

வியாழக்கிழமை சாயங்காலம் சந்திரலேகாவுக்குப் பொறுமை போய்விட்டது. அறையில் கிடந்த பிளேடை எடுத்து முடிச்சின் மேல் வைத்தாள்.

"சாமிக்கு என் தம்பி கையத் தின்னுத்தான் பசி ஆறணும்னா, அந்தச் சாமி எனக்கு வேண்டாம்!"

பெருமாள்சாமி இந்தத் தடவை கையைப் பிடிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "இப்பம் கைக்குத்தான் வந்திருக்கு. நீ அறுத்து, உசுருக்கு ஏதும் வந்துச்சுன்னா அம்மைக்கு நீ என்ன பதில் சொல்லுவ?"

சந்திரலேகா டிப்ளமோ படித்தவள். கம்பெனியில் ஆறு லைனுக்குக் குவாலிட்டி பார்க்கிறவள். பயம் சர்டிபிகேட் கேட்டுக்கொண்டா வரும்? பிளேடைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்று விளக்கு வைத்த பிறகு சாமிகொண்டாடி போனை எடுத்தார். முழுக் கதையையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். நேர்த்தியை அழிக்க முடியாது, மாற்றலாம். வேறொரு பாட்டில் வாங்கி, நாளை வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் அதே துணியை, அதே ரூபாயோடு அதில் கட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஜப்பான் பாட்டில் சாதாரணப் பாட்டில். விற்கலாம், தோஷமில்லை.

"காலையிலயே கட்டக் கூடாதா தாத்தா?"

"உச்சிக்குத்தான் அவன் எறங்குவான். முன்னால தொட்டா நான் பொறுப்பில்ல."

டாக்டரம்மா சொன்னது காலை. சாமி சொன்னது மத்தியானம். சந்திரலேகா நர்ஸுக்குப் போன் செய்து, மத்தியானத்துக்குள் பணம் கட்டிவிடுவதாகக் கெஞ்சினாள். டாக்டரிடம் சொல்வதாகவும், முடிந்தவரை சீக்கிரம் வரும்படியும் நர்ஸ் சொன்னாள். அரை நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று சந்திரலேகா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாவம், அப்படிச் சொல்லிக்கொள்வதைத் தவிர அவளுக்கு அன்று வேறு துணை இல்லை.

மாற்றுப் பாட்டில் வாங்க டாஸ்மாக் திறக்க வேண்டும். அதுவும் பன்னிரண்டு மணிக்குத்தான். சாமியும் சர்க்காரும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே நேரம். ஒரகடம் ரோட்டுக் கடையின் ஷட்டர் தூக்கும்போது பெருமாள்சாமி முதல் ஆளாக நின்றார். பிராந்தி குவாட்டர் ஒன்றை வாங்கி ஆட்டோவில் ஓடி வந்தார். குளித்த ஈரத்தோடு கிழக்கே பார்த்து உட்கார்ந்து, சுடலையை வாய்விட்டுக் கூப்பிட்டு, முடிச்சை அவிழ்த்தார்.

முடிச்சு வந்தது. துணி வரவில்லை. வருஷக்கணக்கில் மஞ்சள் தண்ணீர் குடித்துக் குடித்து அது பாட்டிலோடு ஒட்டிப்போயிருந்தது. பெருமாள்சாமி பயந்து பயந்து உரித்தார். துணியோடு சீல் காகிதமும் சேர்ந்து வந்தது. உள்ளே மூடியைச் சுற்றியிருந்த தகடு பச்சை பூத்து அரித்துக் கிடந்தது. அதன் கீழே தக்கை கறுத்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. பிரசன்னா பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். கழுத்து வரை இருக்க வேண்டிய விஸ்கி பாதி உடம்புக்கு இறங்கியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அலமாரியில் அது நிற்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீடியோவில் சென்னைக்காரர் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. பாட்டிலை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்றார். மூடியைக் கிட்டத்தில் காட்டச் சொன்னார். பிறகு நாக்கால் ஒரு சத்தம். செத்த வீட்டில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவர்கள் போடும் அதே சத்தம்.

பிரசன்னா போனை வைத்தான்.

"சரக்கு வேணாம்ன்றாருக்கா. காலி பாட்டிலும் பொட்டியும் குடுத்தா ஆறாயிரம் தரேன்றாரு."

"காலிப் பாட்டில வச்சு என்ன செய்வாவ?"

"வேற எதுனா ஊத்தி, புதுசா சீல் போட்டு விப்பானுங்கோ." அவன் பாட்டிலைக் கீழே வைத்தான். "நான் வாய வெச்சிகினு சும்மா இருந்திருக்கணும்க்கா."

சந்திரலேகா அவனைத் திட்டவில்லை. பெருமாள்சாமியையும் திட்டவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடி, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி, வனமாமலைக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, போடுதேன். பைக்ல விழுந்தான். எங்கன வேணாலும் கையெழுத்து போடுதேன். பணத்த மட்டும் கட்டிருங்கண்ணே."

சொன்னால் சொன்னபடி செய்கிறவன் வனமாமலை. அவள் போய்ச் சேருமுன்பே பணம் கட்டியிருந்தான். டாக்டரம்மா ஐ.சி.யு. வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் ரசீது இருந்தது. முகத்தில் கோபம் இருந்தது, யார் மேல் என்று அவருக்கே தெரியாத கோபம்.

"காலையில பத்து மணி வரைக்கும் விரல் நுனி சூடா இருந்ததும்மா. இப்ப இல்ல. இனி கையைக் காப்பாத்தப் பார்த்தா ஆளே போயிடுவார்."

அன்று மாலை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கட்டின பணம் அதற்குப் பயன்பட்டது.

இரண்டு நாள் சந்திரலேகா ஆஸ்பத்திரி வராந்தாவைவிட்டு அசையவில்லை. ஓகாவா சாரைத் திட்டினாள். சாரைப்பாம்பைத் திட்டினாள். சுடலையை, அவர்கள் குடும்பத்தில் யாரும் திட்டாத வார்த்தைகளில் திட்டினாள். அந்தப் பாட்டில் ஒன்றுக்கும் ஆகாதது என்று புதன்கிழமையே தெரிந்திருந்தால் புதன்கிழமையே கையெழுத்துப் போட்டிருப்பாள். தம்பிக்குக் கை இருந்திருக்கும். ரோஷத்தோடு நிற்க அவளுக்கு ஆசை காட்டியது அந்த நாலு லட்சம். 

மூன்றாம் நாள் இசக்கிபாண்டிக்கு நன்றாக நினைவு வந்து, வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கை இல்லை என்பதை அவனிடம் டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தான். பெருமாள்சாமி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். வனமாமலை உள்ளே வந்தான். இந்தத் தடவை ஆப்பிள் இல்லை, ஃபைல் மட்டும்தான்.

"ஏல இசக்கி, இங்க பாரு. கம்பெனி பெரிய மனசு பண்ணிருக்கு. நான் சண்ட போட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். ஸ்டோர்ல உக்காந்து பாக்குத வேலை. காண்ட்ராக்ட் இல்லல, கம்பெனி ரோல்லயே. பெர்மனென்ட்!"

இசக்கிபாண்டி திரும்பினான். வெளுத்துக் கிடந்த முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. சந்திரலேகா பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முகம் சந்தோஷப்பட்டுவிடக் கூடாதே என்று அவள் மனசுக்குள் பதறினாள். அது சந்தோஷப்பட்டது.

"எக்கா, கேட்டியா? சொடலை கண்ணத் தொறந்துட்டான்க்கா."

பெருமாள்சாமி கண்ணை மூடிக் கை கூப்பினார். 

"அண்ணே, பாட்டில் பத்திரமா இருக்கா? வாற கொடைக்கே ஊத்திரணும்," என்றான் இசக்கிபாண்டி.

"இருக்குப்பா. ஊத்திருவோம்," என்றார் பெருமாள்சாமி. மஞ்சள் துணி இப்போது எந்தப் பாட்டிலில் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

வனமாமலை ஃபைலைத் திறந்து படுக்கையில் வைத்தான். மேலே வேலை ஆர்டர். அதற்கு அடியில், மண்ணூர் வளைவில் தன் கவனக்குறைவால் பைக்கிலிருந்து விழுந்ததாக ஒரு வாக்குமூலம், அக்கா ஏற்கெனவே போட்டுக்கொடுத்த சாட்சிக் கையெழுத்தோடு. இசக்கிபாண்டி இரண்டையும் படித்தான். அடியில் இருந்ததை இரண்டு முறை படித்தான். அக்காவை நிமிர்ந்து பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா வேண்டாம் என்றா, அவளுக்கே தெரியவில்லை. அவன் பேனாவை இடது கையில் வாங்கினான். அது விரலுக்குள் நிற்காமல் வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்தான். மறுபடியும் விழுந்தது.

"விடு தம்பி, கஷ்டப்படாத," என்று வனமாமலை பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தான். அதையும் கொண்டுதான் வந்திருந்தான். "கைநாட்டு வச்சாப் போதும்."

ஐ.டி.ஐ.யில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிய இசக்கிபாண்டி இடது கட்டைவிரலை மையில் ஒற்றி, காட்டிய இடத்திலெல்லாம் வைத்தான். வனமாமலை காகிதங்களை ஊதி உலர்த்தி, ஃபைலை மூடிக்கொண்டு போனான். விரலில் ஊதா மை பளபளவென்று ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க இசக்கிபாண்டி வழக்கம்போல வலது கையைக் கொண்டுவந்தான். வெள்ளைக் கட்டு அந்த விரல் வரைக்கும் வந்து, தொட ஒன்றும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. அவன் முதன்முதலாக அப்போதுதான் வாய்விட்டு அழுதான். சந்திரலேகா அவன் விரலைப் பிடித்துத் தன் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.